வாசலை நகர்த்திய மருமகள்

தலையிலே வெள்ளைக் கம்பளத் தொப்பி, முகத்திலே தொப்பியைவிட வெளுத்த தாடி, மார்பிலே மூன்று பதக்கம் எனத் தலைமைப் பீடத்தில் தழைத்து வீற்றிருக்கும் பூங்காக் குழுத் தலைவர், எங்கள் ஊர் மூத்தவர் எசென்குல் அக்சக்கால் அவர்களே! தலைவருக்கு இடப்பக்கம் அமர்ந்து, வலப்பக்கம் கிடைக்கவில்லையே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் நகரசபைப் பெருமக்களே! எல்ம் மர நிழலில், எனக்கு முதுகைக் காட்டியபடி சீட்டாட்டத்தைத் தொடர்ந்துகொண்டிருக்கும் வெண்தாடிப் பெரியவர்களே! கையில் குழந்தையும் வாயில் பொரித்த போர்சோக்குமாகக் கடைசி வரிசையில் நிற்கும் மணல் தெருத் தாய்மார்களே! வேலிக்கு அப்பால் வேறு வேலையில்லாமல் ஓடிக்கொண்டு, ஓசியிலே என் உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஜின்டி-சு ஆறே! உனக்கும் வணக்கம். உன்னைக் கூப்பிடாமல் விட்டால் என்ன செய்வாய் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும்.

தலைநகரிலிருந்து வந்த விருந்தினர் சிலருக்கு என்னைத் தெரியாமல் இருக்கலாம். நான் துர்சுனாய். மணல் தெருக்காரி. கல்யாண வீடுகளில் ஒலிவாங்கி பிடிப்பது என் பிழைப்பு. யார் எப்போது எழுந்து வாழ்த்த வேண்டும், யார் எப்போது வாயை மூடி உட்கார வேண்டும் என்று சொல்வது என் உரிமை. இந்த அக்-ஓரோ நகரத்தில் என் குரலுக்குக் கட்டுப்படாத மாப்பிள்ளை உண்டா? மறுத்துப் பேசிய மாமியார் உண்டா? யாரது அங்கே? "எங்க கல்யாணத்துல நீங்க ரொம்ப நேரம் பேசினீங்க அக்கா" என்கிறாயா? தம்பி, உன் மாமனார்தான் என்னை நீட்டச் சொன்னார். நீ ஓடிப்போகாமல் வாசலை அடைக்க வேறு வழி தெரியவில்லை அவருக்கு.

வாசல் என்றேன். வசமாக வந்து விழுந்தது வார்த்தை. இன்று நாம் கூடியிருப்பதே ஒரு வாசலுக்காகத்தான். இதோ, சிவப்புத் துணி போர்த்திய இந்தக் கல்லைத் தலைவர் இன்று பெரிய சாலைப் பக்கம் நட்டால், நாளை அங்கே வானளாவ ஒரு வளைவு எழும். வளைவிலே தலைவரின் பெயர் தங்க எழுத்தில் தகதகக்கும். கரகாச் பூங்கா இனிமேல் எசென்குல் பூங்கா ஆகும். ஆற்றோரத்தில் இருக்கும் வாசல் அடைபட்டு, சாலையோரத்தில் புது வாசல் திறக்கும். "வளைவைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசு, துர்சுனாய்" என்று தலைவரே வீட்டுக்கு ஆள் அனுப்பினார். பேசுகிறேன். புகழத்தானே வந்திருக்கிறேன்! கைதட்டுங்கள்.

மேடைக்குப் பக்கத்தில் தட்டுகிறார்கள். மணல் தெரு ஏன் தட்டவில்லை? கை வலியா? சரி, நானே சொல்கிறேன்.

மணல் தெருவிலே போன வருடத்துக்கு முந்தின வருடம் அனார்கானின் மகனுக்குக் கல்யாணம். முற்றத்திலே கொப்பரை, கொப்பரையிலே பிளோவ் சோறு, பிளோவிலே முழுப் பூண்டும் குதிரைக் கறியும். மலையிலே பனி உருகியது, மேலே மழையும் பெய்தது. மாப்பிள்ளை உறுதி சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் தெருமுனையிலிருந்து தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் என்ன செய்தது? வாழ்த்திவிட்டுப் போனதா? கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போனது! பொன்னிறப் பிளோவோடு, போட்ட கரண்டியோடு, ஒரு ராஜாவைப் போல அந்தக் கொப்பரை தெருவிலே மிதந்து போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். நாலாம் நாள் கீழூர்க்காரர்கள் கொப்பரையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவி. "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு வேறு போனார்கள்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அன்றைக்குச் சிரித்தோமா? மண்சுவர் நனைந்தால் நிற்குமா? அனார்கான் வீட்டு மணமகள் புது மெத்தையில் படுத்தாளா, பள்ளிக்கூடப் பெஞ்சில் படுத்தாளா? வருடாவருடம் வசந்தம் வந்தால் ஊரெல்லாம் துலிப் பூவைப் பார்க்கிறது. எங்கள் தெரு மட்டும் ஆற்றைப் பார்க்கிறது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதை மறைத்துக்கொண்டு பேச எனக்குத் தெரியாது.

அப்போதுதான் வந்தாள் ஜிபார். அதோ, மேடைப் படிக்குக் கீழே, சமோவாருக்குப் பக்கத்தில், நம் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். நகரத்தின் நீர்ப் பொறியாளர். ஆறு எவ்வளவு ஏறும், எப்போது ஏறும், எங்கே ஏறும் என்று ஆற்றுக்கே சொல்லிக்கொடுப்பவள். ஆனால் ஐயா, அவளுக்கு இன்னொரு பதவியும் இருக்கிறது. அவள் நம் தலைவரின் மருமகள்! தலைவர் இருக்கும் இடத்தில் குரல் உயர்த்தக் கூடாது. முதுகு காட்டக் கூடாது. மாமனார் பெயரை வாயால் சொல்லவே கூடாது. இது நம் வீட்டு வழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் பொறியாளர் என்றால் "முடியாது" என்று சொல்லத் தெரிய வேண்டும். மருமகள் என்றால் "சரி" என்று மட்டுமே சொல்லத் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தலையில் கட்டிய நகரம் நம் நகரம்!

குழுக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்தாள். "பூங்காவைப் புதுப்பிக்கிறப்பவே வெள்ளத்துக்கும் வழி பண்ணிரலாம் அத்தா. ஆத்தோரமா இந்த இடத்தைக் கிண்ணம் மாதிரி பள்ளமா வெட்டுவோம். புல்லு போடுவோம். வருஷம் பூரா பசங்க பந்து விளையாடட்டும். ஆறு பொங்குறப்ப மட்டும் தண்ணி இதுக்குள்ள வந்து நிக்கும். ஆறு அடங்கினதும் மடையைத் திறந்து விட்டா, வந்த வழியே போயிரும். மணல் தெருப் பக்கம் திரும்பாது."

தலைவர் தாடியை நீவினார். "அந்த எடத்துல என்ன இருக்குன்னு தெரியுமா மருமகளே?"

"நீங்க உக்காந்து சீட்டாடுற மேடை இருக்கு அத்தா."

"மேடையா? அது தோர்!"

தோர்! நம் கூடாரத்தில், நம் வீட்டில், நம் விருந்தில், வாசலுக்கு நேர் எதிரே, வாசலிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் இடம். மூத்தவர் உட்காரும் இடம். ஆட்டுத் தலை போய்ச் சேரும் இடம். வாசலோரம் யார் உட்காருவார்கள்? கடைக்குட்டி. புது மருமகள். கூப்பிடாமல் வந்தவன். அப்போது பூங்காவின் வாசல் எங்கே இருந்தது? சாலையோரத்து மேட்டில். அப்படியானால் தோர் எங்கே? ஆற்றோரத்துப் பள்ளத்தில்! வெள்ளம் முதலில் வந்து விழும் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே மெத்தை விரித்து, ஊரின் மூத்தவர்களை உட்கார வைத்த மரியாதையை உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

"மேல சாலைப் பக்கம் மேடையை மாத்திக்கலாமே அத்தா, எல்ம் மரத்தடியில நெழலும் நல்லா இருக்கும்" என்றாள் ஜிபார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வாசல் பக்கத்துலயா? நான் என்ன, செருப்புக்குக் காவலா?"

"சரி அத்தா."

"தோர் எங்க இருக்கோ, அங்கதான் நாங்க உக்காருவோம்."

"சரி அத்தா."

"வரைபடத்துல ஒரு கோடு மாறக் கூடாது. மேடையைப் பத்தி ஒரு பேச்சு வரக் கூடாது."

"சரி அத்தா."

மூன்று சரி. மூன்றையும் கேட்டேன். மணல் தெரு சார்பில் ஓரத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வசந்தத்திலும் கொப்பரையைக் கட்டிப்போட்டுத்தான் சமைக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஆனால் நடந்தது என்ன? சாலைப் பக்கத்து மதில் சாய்ந்திருக்கிறது, பழுது பார்க்க வேண்டும் என்று அந்த வாசல் மூடப்பட்டது. ஆற்றோரத்தில் ஒரு வாசல் திறக்கப்பட்டது. அவ்வளவுதான்! மேடையை யாரும் தொடவில்லை. மெத்தையை யாரும் மடிக்கவில்லை. பெரியவர்கள் மறுநாள் காலை வந்தார்கள். புது வாசல் வழியே நுழைந்தார்கள். தங்கள் மேடையில் ஏறி உட்கார்ந்தார்கள். சீட்டைக் கலைத்தார்கள். அப்போது ஒரு குழந்தை ஓடி வந்து, மேடைக்குக் கீழே தன் ஈரச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் அதன் தாய். பெரியவர்கள் செருப்பைப் பார்த்தார்கள். வாசலைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மதியத் தேநீருக்குள் மெத்தை, தலையணை, மேடை, சீட்டுக்கட்டு எல்லாம் மேட்டில், எல்ம் மரத்தடியில்! யாரும் அவர்களை எழுப்பவில்லை. தாங்களே எழுந்தார்கள். முதலில் தலையணையைத் தூக்கியவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இப்போது தேநீர்க் கிண்ணத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்.

மறு வாரம் மண் தோண்டும் இயந்திரம் வந்தது. பள்ளம் கிண்ணம் ஆனது. கிண்ணத்தில் புல் முளைத்தது. அவள் அன்று விரித்த வரைபடத்தில் ஒரு கோடு மாறவில்லை ஐயா! மேடையைப் பற்றி ஒரு பேச்சு வரவில்லை! மாமனார் சொன்ன சொல்லை மருமகள் மீறினாளா? தோர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். தோரைத்தான் அவள் தூக்கி மேட்டில் வைத்துவிட்டாள்!

பிறகு இந்த வருட வசந்தம். மலையில் பனி உருகியது, மேலே மழையும் பெய்தது. மணல் தெருவில் மெத்தையெல்லாம் கூரைக்குப் போனது. கொப்பரையைத் தூணில் கட்டினோம். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி நின்றோம். ஜின்டி-சு பொங்கியது. பூங்கா வாசலுக்கு வந்தது. உள்ளே நுழைந்தது. கூப்பிடாமல் வந்த விருந்தாளி எங்கே உட்கார வேண்டும்? வாசலோரம்! உட்கார்ந்ததா? உட்கார்ந்தது! கிண்ணம் நிறைய, விளிம்பு தொட, வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது. மேலே எல்ம் மரத்தடியில் பெரியவர்கள் சீட்டைக் கீழே வைக்காமல் அதை வேடிக்கை பார்த்தார்கள். "பரவாயில்ல, தண்ணிக்கும் மரியாதை தெரியுது" என்று ஒரு குரல் சொன்னது. தலைவர் குரல்தான்.

எங்கள் தெருவில் ஒரு சொட்டு இல்லை. நான் அழுதேன். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் தாய் அழும்போதுகூட கண் கலங்காத நான், காய்ந்த தெருவைப் பார்த்து நின்று அழுதேன். அனார்கான் கொப்பரைக் கட்டை அவிழ்த்து, அன்றைக்கே அடுப்பு மூட்டினாள். உப்பு சரியாக இருந்தது.

இப்போது வளைவுக்கு வருவோம். புகழ வேண்டும் அல்லவா! வளைவு ஏன் வேண்டும்? தலைநகர் விருந்தாளி ஒருவர் ஆற்றோர வாசலில் இறங்கி, பளபளக்கும் காலணியில் சேறு பட்டு, "என்னங்க, உங்க ஊர்ல பூங்கா வாசலைக் குழிக்குள்ள வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்டது ஒரு கேள்வி. குத்தியது நகரசபையின் நெஞ்சில். பூங்காவில் படம் எடுக்க வரும் கல்யாண ஊர்வலமும் அந்தச் சேற்றில்தான் இறங்குகிறது, அதுவும் உண்மைதான். உடனே தீர்மானம், உடனே வளைவு, உடனே கல்!

நல்லது. வாசலைச் சாலையோரம் வையுங்கள். வைத்தால், என் மணல் தெருவே, தோர் எங்கே போகும்?

காதில் விழவில்லை. தோர் எங்கே போகும்?

பள்ளத்துக்கு! ஆமாம், பள்ளத்துக்கு! செருப்புக்குப் பக்கத்தில் நம் பெரியவர்கள் ஒரு வேளையாவது உட்காருவார்களா? மெத்தை இறங்கும். மெத்தைக்கு மேடை வேண்டும். மேடைக்குக் கூரை வேண்டும். கூரைக்குக் கீழே அடுப்பு வேண்டும், அடுப்புக்குப் பக்கத்தில் சீட்டாட மேசை வேண்டும். ஈரம் ஆகாது என்று பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்குவார்கள். கிண்ணம் நிறைந்துவிடும், மண்ணால்! அப்புறம் ஆறு வந்தால் எங்கே உட்காரும்? யார் வீட்டில் உட்காரும்? யார் மகன் கல்யாணத்தில், யார் கொப்பரையைத் தூக்கும்?



இன்னும் ஒன்று. பெயர். பூங்காவுக்குத் தலைவர் பெயர் வைப்பது நியாயம்தான். இத்தனை வருடம் குழுவைக் கட்டிக் காத்தவர். ஆனால் ஆறு அடங்கிய காலையில் மடைக் காவலன் தோலோனுக்குத் தொலைபேசியில் சொன்னவள் யார்? ஜிபார். ஆற்றோரத்தில் இரண்டு பூங்கா, இரண்டு மடை. "கரகாச் பூங்கா மடையைத் தெற, சந்தைப் பூங்காவைத் தொடாதே" என்று ஒரு மூச்சில் சொன்னாள். அவன் திறந்தான். அடுத்த வசந்தத்தில் எப்படி இருக்கும் தெரியுமா?

"தோலோன், மடையைத் தெற!"

"எந்த மடை அக்கா?"

"பூங்கா மடை!"

"எந்தப் பூங்கா?"

"அதான்... அத்தா பேரு வெச்ச பூங்கா."

"எங்க அத்தா பேருலயா? எப்ப வெச்சாங்க? அவருக்குத் தெரியுமா?"

"உங்க அத்தா இல்லப்பா, எங்க அத்தா! தொப்பி போட்டவரு!"

"இந்த ஊர்ல தொப்பி போடாத அத்தா யாரு அக்கா?"

இவன் யோசித்து முடிப்பதற்குள், கிண்ணம் காலியாகாமல் அடுத்த வெள்ளம் வந்து, கொப்பரை கீழூர் போய்ச் சேர்ந்திருக்கும்! சிரியுங்கள், சிரியுங்கள். தலைவரும் சிரிக்கிறார். இல்லை, எழுந்து நிற்கிறார். அமைதி! தலைவர் பேசுகிறார். ஒலிவாங்கி என்னிடம் இருப்பதால் கடைசி வரிசைக்கு நானே சொல்கிறேன். "நிறுத்து துர்சுனாய். வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் ஊதிட்டே. என் மருமகளுக்கு வாய் இல்லையா?" என்கிறார். இருக்கிறது அக்சக்கால். இத்தனை நாள் அந்த வாயில் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் நீங்கள் இடம் விட்டிருந்தீர்கள்.

"மருமகளே, மேல வா" என்கிறார். "என் பேரை நீ சொல்லு. நான் உத்தரவு குடுக்கிறேன், ஊர் சாட்சி. நீ சொல்லிட்டா இவ சொல்ற தடை போச்சு. கல்லை நட்டுரலாம்" என்கிறார்.

கெட்டிக்காரர் ஐயா, கெட்டிக்காரர்! வாதத்தில் என் காலையே வாரிவிட்டார். ஜிபார் வருகிறாள். வழி விடுங்கள். சமோவாரை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். பாருங்கள், மேடை ஏறும்போதுகூட மாமனாருக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் ஏறுகிறாள். இந்தா அம்மா, ஒலிவாங்கியைப் பிடி.

"அத்தா... வாசல் ஆத்தோரமே இருக்கட்டும்."

கேட்டீர்களா! மணல் தெருவே, கேட்டாயா? பெயரைச் சொல்லச் சொன்னார். பெயர் வரவில்லை, பேச்சு வந்தது! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் உத்தரவுக்கு "சரி" தவிர வேறொன்றும் சொல்லாத வாய் சொன்னது, ஊர் நடுவில், ஒலிவாங்கியில்! பொறு, பொறு, கைதட்டலை நிறுத்துங்கள். தலைவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். தாடியை நீவுகிறார். "அப்ப இந்தக் கல்லை என்ன பண்றது? மலையிலேருந்து வெட்டி எடுத்துட்டு வந்திருக்கு. தலைநகர் ஆளுங்க வேற வந்திருக்காங்க" என்கிறார். சொல் ஜிபார், நீயே சொல்.

"ஆத்தோர வாசலுக்குப் படிக்கல் இல்லீங்க அத்தா. இதைப் போட்டா, சேறு மிதிச்சுட்டு வர்றவங்க செருப்பைத் துடைச்சுக்கலாம்."

துணியை எடுக்கிறேன். ஒரு எழுத்தும் இன்னும் பொறிக்கவில்லை. யார் மிதித்தாலும் யார் மனமும் புண்படாத, அழகான, அகலமான கல்! தலைவர் கல்லைப் பார்க்கிறார். மருமகளைப் பார்க்கிறார். எல்ம் மரத்தடியைப் பார்க்கிறார். அங்கே சீட்டு நின்றுவிட்டது. முதன்முறையாக எல்லாப் பெரியவர்களும் மேடைப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

சொல்லிவிட்டார்! "தூக்கிட்டுப் போங்கடா. ஆத்தோர வாசல்ல போடுங்க. யார் கேட்டாலும், இது எசென்குல் யோசனைன்னு சொல்லுங்க."

சொல்கிறோம் அக்சக்கால்! மணல் தெருவின் ஒவ்வொரு வீடும் சொல்லும். மதிலைச் சாய்த்ததும் உங்கள் யோசனை, வாசலை நகர்த்தியதும் உங்கள் யோசனை, தலையணையைத் தூக்கியதும் உங்கள் யோசனை! உங்கள் மருமகளுக்கு வேண்டியது பெயர் இல்லை, காய்ந்த தெரு. அதை அவள் எடுத்துக்கொண்டாள். பெயரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்ட நகரசபைக்கும், போர்சோக்கைத் தீர்த்துவிட்ட தாய்மார்களுக்கும், கல்லைத் தூக்கப்போகும் காளையருக்கும் என் நன்றி. சமோவாரில் தண்ணீர் இருந்தால் இன்று ஜிபாருக்கு யாராவது ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுங்கள். போகும்போது எல்லோரும் ஆற்றோர வாசல் வழியாகவே போங்கள். செருப்பில் சேறு பட்டால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

ஜின்டி-சு ஆறே, உனக்கும் வணக்கம் சொல்லி முடிக்கிறேன். அடுத்த வசந்தத்திலும் வருவாய் என்று தெரியும். வா. உனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறோம். வாசலோரம்.